தெற்கெல்லையில் ஒரு பாதை

தென் லண்டனில் மிட்சம் என்ற ஊரின் ட்ராம் நிறுத்தத்தில் நின்றபோது சூசைப்பிள்ளை அண்ணையின் மகள் ரீத்தா தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, அப்பா விடியக் கண்ணை மூடிட்டார்." ட்ராம் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அண்ணையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் வேலை. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள காய்கறித் தோட்டத்தில் அவருடைய துண்டும் என்னுடையதும் அடுத்தடுத்து இருந்தன.

அந்தத் தோட்டம், விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கே குருவாக இருந்த ஒரு பிரபு மகனின் நிலம். பெரிய காணிக்காரர், குதிரை வண்டியில் வந்து பிரசங்கம் செய்தவர். உறவினர் ஏசியும் கேளாமல், தம் வயலைத் துண்டுகளாகப் பிரித்து ஏழைகளுக்குப் பயிரிடக் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையை எழுதப் போவதாக அண்ணை சொன்னபோது முதலில் சிரித்தவள் நான்தான்.

"உங்களுக்கு வேற வேலை இல்லையே அண்ணை? செத்துப்போன துரையின்ரை கதை எங்களுக்கு என்னத்துக்கு?"

"அவரின்ரை காணியிலதானே பிள்ளை உம்மடை போஞ்சி காய்க்குது" என்றார். அந்தப் பீன்ஸ் கொடிக்கே தண்ணீர் ஊற்றப் போனேன்.

பிறகு வந்தது வினை. ஒருகாலத்தில் குருவானவருக்கே சொந்தமாயிருந்த பக்கத்துப் பெரிய வீட்டை வாங்கிய நிறுவனம், தோட்டத்துக்குப் போகும் ஒரே பாதையில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியது. பாதை அவர்கள் காணிக்குள் இருக்கிறதாம். எங்கள் உரிமைக்கு எழுத்தில்லையாம். கவுன்சில்காரர் தோட்டத்து உறுதியைப் புரட்டிவிட்டுக் கையை விரித்தார்கள். பாதை போனால் தோட்டமும் போயிற்று.

அண்ணை அசையவில்லை. "எங்கட ஊரில சந்தேகம் வந்தால் அயல் காணியின்ரை உறுதியில எழுதின நாலெல்லையைப் பாப்பம். இஞ்சையும் பாப்பம்" என்றார்.

ஷிப்ட் முடிய பஸ் ஏறி ஆவணக் காப்பகத்துக்குப் போவார். குருவானவரின் கடிதங்களை ஏற்கெனவே வாசித்திருந்ததால், பாதையோரத்து மூலைக் காணியை அவர் தம் தங்கைக்கு எழுதிக் கொடுத்தது அண்ணைக்குத் தெரியும். அந்த உறுதியைத் தேடிப் பிடித்தார். அதில் தெற்கெல்லை இப்படி இருந்தது: "ஏழைகள் என்றும் தடையின்றி நடக்க நான் விட்ட பாதை."

பாதை உரிமை பற்றிய விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர், "அந்தக் குருவானவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?" என்று ஏளனமாகக் கேட்டார். அண்ணை எழுந்து நின்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "அயலவர். சாட்சி சொல்ல அவரால் வர முடியாது. நான் வந்திருக்கிறேன்."

வென்றோம்! கதவைக் கழற்றிய அன்று நான் போட்ட கூச்சல் ட்ராம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணை, அண்டைக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"இப்பவும் சிரியும் பிள்ளை. இண்டைக்குத்தான் சிரிக்கிற நாள்."

சனிக்கிழமை அவரைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோக முன், அந்தப் பாதையால்தான் தோட்டம் வரைக்கும் தூக்கிச் சென்றோம். அடக்கம் செய்பவர்கள் தார் வீதியால் நேரே காரில் போகலாம் என்றார்கள். ரீத்தா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். பெட்டியின் மேல் என் துண்டில் பிடுங்கிய ஒரு பிடி போஞ்சியை வைத்தேன். கதவு இருந்த இடத்தில் தூண் நட்ட இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அழுகை வந்தது, அதைவிடப் பெருமை வந்தது.

வழி திறந்து கிடக்குது அண்ணை. நடந்து போங்கோ.