எஃகு உருளைக்குப் பின்னால் இரண்டு விரல்கள்

என் நோயின் முதல் அறிகுறியைக் கை சொல்லவில்லை, காதுதான் சொன்னது. தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் வாசிக்காத ஒரு சுரம் என் கிதாரிலிருந்து கூடவே முனகிக்கொண்டு வந்தது.

அது மடியில் படுக்கவைத்து வாசிக்கும் கிதார். நடுவில் உலோகக் கிண்ணம் ஒன்று பதித்திருக்கும். அமெரிக்க மலைநாட்டுக்காரர்களின் புளூகிராஸ் இசைக்கு உரியது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் சமையற்காரரிடம் வாங்கினேன். அவர் கொடுத்த இரண்டு கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு நானாகக் கற்றுக்கொண்டேன். மெல்லிசைக் குழுவில் சேர்ந்த பிறகு, வீணையும் ஷெனாயும் வரவேண்டிய இடங்களையெல்லாம் அதிலேயே இழைத்துக் கொடுத்தேன். திருநெல்வேலிச் சீமையில் இன்னொருவரிடம் அந்தக் கிதார் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

இடது கையில் எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் உருளைக்குப் பின்னால் கம்பிகளை லேசாகத் தொட்டபடியே வரவேண்டும். தொடாவிட்டால் பின்பக்கக் கம்பி தன் பாட்டுக்கு முனகும். என் விரல்கள் தொடவில்லை. தொடுகின்றன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மைக்செட்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஒயரை மாற்றச் சொன்னேன், கம்பியை மாற்றினேன். என் விரலைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

எங்கள் குழுத் தலைவர் காதர் பாய், மேலப்பாளையத்துக்காரர். ஒருநாள் ஒத்திகையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையையே பார்த்தார். "வே, சுண்டுவெரலு கம்பியில படலையே, அந்தரத்துல நிக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். நின்றது.

தோல் மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார். முதுகில் வெளிறிய படை இருந்தது. தேமல் என்று சொல்லி வருஷக்கணக்காகப் பூவரசங்காய்ப் பாலைத் தடவிக்கொண்டிருந்த இடம் அது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார், தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். முதுகிலும் இடது கையின் ஓரத்திலும் பல இடங்களை நான் காட்டவே இல்லை, தொட்டதே தெரியவில்லை. அல்னார் நரம்பு (முழங்கையின் உட்புறமாக இறங்கிச் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு) கயிறு மாதிரித் தடித்திருந்தது.

"தொழுநோய். பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையிலேயே குணமாயிரும்" என்றார்.

குணமாகும் என்ற சொல் என் காதில் விழவில்லை. முதல் சொல்லோடு செவி அடைத்துப்போயிற்று. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். யாரையாவது திட்டுவதற்கு நாங்கள் வைத்திருந்த சொல்லே அந்த நோயின் பெயர்தான், நானும் திட்டியிருக்கிறேன். மேடையில் பார்த்த முகம் என்று ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது சளி பிடித்தவன்போலக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன்.

கூட்டு மருந்துச் சிகிச்சை (கிருமி தப்பிக்காமலிருக்கப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது) தொடங்கியது. மாதம் ஒருமுறை மருத்துவமனையில் அவர்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும், மற்றவை வீட்டில். ஒரு மருந்து சிறுநீரைச் சிவக்க வைத்தது. இன்னொன்று தோலைக் கறுக்க வைத்தது. கடைத்தெருவில் ஆளாளுக்கு வெயிலில் சுற்றாதீர் என்று புத்தி சொன்னார்கள். சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

மனைவி கோமதியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்கவேண்டும் என்று மருத்துவர் கட்டாயமாகச் சொல்லியிருந்தார். அவள் வந்தாள், பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. மருந்து உள்ளே போய்விட்டால் இவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று அவளுக்கும் விளக்கினார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் தக்காளி வாங்க வேண்டும் என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளை வேவு பார்க்கத் தொடங்கினேன். காபித் தம்ளரை என் வலது கையில் தந்தாள். முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த இடது கையை மட்டும் அவள் தொடவில்லை என்று எனக்குப் பட்டது. நோயைவிட, வாசிப்பைவிட, அதுதான் என்னைத் தின்றது. கேட்டிருக்கலாம். கேட்டு, அருவருப்பாக இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால்? நானே முந்திக்கொண்டு கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். இதை வாசிக்கிற நீங்களும் இதே நோய்க்காரர் என்றால், உங்கள் வீட்டிலும் ஒருவரை இப்படித்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இடையில் எதிர்வினை (செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு கிளர்ந்து நரம்பை வீங்கவைப்பது) வந்தது. முழங்கையில் உயிர் போகும் வலி. உடனே போயிருக்கவேண்டும். மறுபடி அந்த வரிசையில் நிற்கக் கூசி, அடுத்த மாதத் தவணைக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் இரண்டு விரல்களும் மடங்கிவிட்டன. ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தை அடக்குவது) வலியை நிறுத்தியது, விரல்களை நிமிர்த்தவில்லை. நரம்பு வலித்தால் அன்றே போய்விடுங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான வரி இது ஒன்றுதான்.

மாத்திரைகள் முடிந்து, குணமாகிவிட்டது என்று அனுப்பிவைத்தார்கள். கறுப்பும் பைய வடிந்தது. காதர் பாய் வீடு தேடி வந்தார். "வெரலுதான மடங்கிருக்கு, காது நல்லாத்தான இருக்கு? வாரும் வே" என்றார். பஞ்சு வைத்துத் தைத்த துணித் துண்டை மடங்கிய விரல்களில் கட்டிக்கொண்டேன். அது கம்பியில் பட்டது, முனகல் நின்றது. ஆனால் படுகிறதா என்பதைக் கண்தான் சொல்லவேண்டும். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவன், இப்போது கையைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

திரும்ப மேடையேறியது ஏரலில், கோமதியின் சித்தப்பா மகன் கல்யாணத்தில். அத்தனை பேரும் அவள் சொந்தக்காரர்கள். குழுவின் பெயர்ப்பலகையை எனக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன், கை தெரியாமலிருக்க. நன்றாகவே வாசித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பந்தியில் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலைப் பேருந்தில் திரும்பினோம். ஜன்னலோரம் நான், பக்கத்தில் கோமதி. ஆற்றோரத்து வாழைத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடத்துநர் டிக்கெட்டுக்கு வரவும் திரும்பினேன். என் இடது கை அவள் மடியில் இருந்தது. மடங்கிய இரண்டு விரல்களையும் அவள் தன் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள்.

"எப்பப் பிடிச்ச?" என்றேன்.

"ஏரல்ல ஏறுனதுலேர்ந்தே." என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தெனமும் தூங்கையிலயும் பிடிச்சிட்டுத்தான படுக்கேன். ஒருநாளும் நீங்க கையை இழுக்கலையே. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

கூச்சத்தில் தலை தாழ்ந்தது. அது நோய்க்காக வந்த கூச்சம் இல்லை.

இப்போதெல்லாம் அவள் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குனிந்து என் இடது கையைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் பிடித்திருக்கிறாளா என்பது பார்த்தால்தான் தெரியும்.