வழியனுப்பும் கேக்

தாம்பரம் பேக்கரியிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தாலே, சிறுசேரி கம்பெனியில் எனக்கு மேலாளராக இருந்தவர் நினைவுக்கு வருவார். இஸ்திரி கலையாத சட்டை, என்றும் வாடாத புன்னகை. எங்கள் வேலையையெல்லாம் தன் வேலையாக மேலிடத்தில் காட்டிக்கொள்வார். வெறுத்துப்போய் விலகுகிறவருக்கு மட்டும் தன் கையாலேயே கேக் ஊட்டுவார். அந்த வருஷம் நாங்கள் நிறையக் கேக் தின்றோம். ஆளில்லாமல் வேலை தேங்கியது. வாடிக்கையாளர்கள் கேக்குக்குக்கூடக் காத்திராமல் போய்விட்டார்கள்.

கடைசியில் என் முறை வந்தது. காலி நாற்காலிகளுக்கு நடுவே கேக்கை நீட்டியபடி, நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "ஏன் சார் எல்லாரும் போறாங்க?"

"உங்களுக்குத் தெரியலையா சார்?"

"தெரியும் சார். கம்பெனி பஸ் கீழ்க்கட்டளையச் சுத்திட்டு வருது. ரூட்டை மாத்தச் சொல்லிட்டேன். இனிமே ஒருத்தரும் போக மாட்டாங்க."