இரண்டு நொடி

ஓட்டிப் பார்த்து எழுதுவதற்காக நான் எடுத்துவந்த புது ஸ்போர்ட்ஸ் காரில் அக்கா ஏறினாள், அப்பா ஏறவில்லை. திருவான்மியூர் தாண்டி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் மெல்லிய விசிலோடு உடனே இழுத்தது.

அதே விசில். நான் நாலாவது படிக்கும்போது இதன் பழைய மாடலை, அப்பா டிரைவராக இருந்த மந்தைவெளி முதலாளி வாங்கியிருந்தார். மிதித்தால் இரண்டு நொடி சும்மா இருக்கும். பிறகு மொத்த இழுவையும் ஒரேயடியாக வரும். சாவி கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை; நானே கல்லூரியில்தான் படித்தேன்.

ஷாம்பு நுரை காயாத காரை அப்பா கார் ஷெட்டின் வாசல் மேட்டில் ஏற்றினார். அக்கா ஷெட்டுக்குள் எதிரே நின்று கையாட்டினாள்.

"வா நைனா, வா! இன்னா, வண்டி தூங்குதா?"

அம்பாசடர் ஓட்டிய பழக்கத்தில் அவர் இன்னும் அழுத்தினார். விசில் கேட்டது.

புதியதில் அந்தத் தாமதம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பழையதன் இரண்டு நொடிக்கு எங்கள் வீடு கொடுத்தது, அக்காவின் இடது கால்.