பழவங்காடியில் உடைக்காத தேங்காய்

அந்த வியாழக்கிழமைக்குள் நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டால் பதவி உயர்வு. போடாவிட்டால் இருக்கிற வேலையும் நிலைக்குமா என்று தெரியாது. அந்தக் காகிதத்தில் இருந்தது பொய். அதை முதலில் எழுதியவளும் நான்தான்.

திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையாரை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் இதை ஒளிக்காமல் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்படுகிற பாதியை விட்டுவிட்டு அவர் அருளை மட்டும் சொன்னால் அது இன்னொரு பொய் ஆகிவிடும்.

எனக்கு வலியசாலையில் வீடு. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக வேலை. ரிசப்ஷனில் டோக்கன் கொடுப்பவளாகச் சேர்ந்தேன். பிறகு நோயாளிகள் உறவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். குறைகளைக் கேட்பது, பதில் சொல்வது, கோபமாக வருகிறவர்களைச் சமாதானமாக அனுப்புவது, இதுதான் வேலை. தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பரிவோடு கேட்பது எப்படி என்று வகுப்பும் எடுப்பேன். எனக்கே என்மேல் கொஞ்சம் மயக்கம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவில் ஒரு நடைமுறை. வந்த குறையை மூன்று நாளுக்குள் முடித்து, சம்பந்தப்பட்டவரிடம் பேசியதாகக் குறிப்பு எழுதி, கம்ப்யூட்டரில் மூடிவிட வேண்டும். மூடாமல் இருந்தால் அந்தப் பெயர் சிவப்பில் நிற்கும். என் பட்டியலில் சிவப்பு நின்றதே இல்லை. அதற்காகத்தான் என்னைப் பிரிவின் தலைவியாக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

இடவ மாதக் கடைசியில், நம் வைகாசி முடிவில், பொன்முடி எஸ்டேட்டிலிருந்து சுடலைமுத்து என்ற தொழிலாளி வந்தார். கழுத்தில் கட்டி. சதையைக் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் வாங்க அவரும் மனைவி பேச்சியம்மாளும் மூன்று முறை மலையிறங்கி வந்தார்கள். மூன்று முறையும் ரிப்போர்ட் வரவில்லை. மூன்றாம் முறை பேச்சியம்மாள் என் மேஜைக்கு வந்து குறை எழுதச் சொன்னாள். நான்தான் எழுதினேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எத்தனாவது வீடு என்பதுவரை என் கையால் எழுதினேன்.

மூன்றாம் நாள் அவர்களுக்கு இரண்டு முறை போன் செய்தேன். மலையில் ரேஞ்ச் இல்லை. ஐந்து மணி ஆகிவிட்டது. பட்டியலில் சிவப்பு. நான் எழுதினேன்: "உறவினரிடம் போனில் பேசினேன். திங்கட்கிழமை வந்து ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். திருப்தி தெரிவித்தார்கள்." மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். நாளைக்கு மறுபடி கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பெயர் பட்டியலில் இல்லை. நானும் மறந்துபோனேன்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய், உடனே சிகிச்சை தொடங்கினால் காப்பாற்றலாம் என்று இருந்தது. கவுண்டரில் என் குறிப்பைப் பார்த்தார்கள். சொல்லியாயிற்று, வருவார்கள் என்று வாங்காத ரிப்போர்ட்டுகளோடு வைத்துவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து, கர்க்கடக மாதத்து ஆடி மழையில், ஒரு திங்கட்கிழமை, டாக்டரே கேட்டார், அந்த எஸ்டேட்காரர் எங்கே என்று. அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

நிர்வாகி என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று போனால் அவர் சிரித்த முகமாக இருந்தார்.

"விஜி, நீ எழுதின அந்த ஒரு வரிதான் நம்மளை ரட்சிச்சது, கேட்டோ. நாம சொல்லியாச்சு, அவங்க வரல்ல. அவ்வளவுதான் விஷயம்."

போனில் பேசியது உண்மை என்று வியாழக்கிழமைக்குள் ஒரு கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்குப் பதிவுத் தபால் போகும். தலைவி பதவிக்கான உத்தரவும் அதே வாரம். யாரையாவது நேரில் அனுப்பலாமே சார் என்று கேட்டுப் பார்த்தேன். ஆள் போனால் ஏன் இப்போது வருகிறீர்கள் என்ற கேள்வி வரும், தபால் போதும் என்றார். நான் சரி சார் என்றேன். எனக்கு வாயில் வந்தது அதுதான்.

அன்று மத்தியானம் எனக்கு வகுப்பு இருந்தது. பரிவோடு கேட்பது எப்படி. பதினோரு பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மூச்சு முட்டியது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். பெண் கல்லூரியில் படிக்கிறாள். சொல்லாவிட்டால், தபால் போய்ச் சேரும்வரை ஒரு மனிதர் மலைமேல் எதுவும் தெரியாமல் கிடப்பார், பழியும் அவர் தலையிலேயே விழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் எழுதிய அந்த ஒரு வரிதான் வழியை மறித்துக்கொண்டு நின்றது. சுடலைமுத்துவின் போனுக்கு எத்தனை தடவை அடித்தேன் என்று கணக்கில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே. வீட்டில் கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன். பொய் சொல்வது எவ்வளவு பழக்கமாகிவிட்டது பாருங்கள்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் பழவங்காடியில் இறங்கினேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தடை நீங்க அவர் முன்னால் தேங்காய் உடைப்போம். ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு கல்லருகே நின்றேன். "பிள்ளையாரே, இந்தத் தடையை மட்டும் நீக்கிக் கொடு. நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு கையை ஓங்கினேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. எந்தத் தடை? நான் என்ன கேட்கிறேன்? சுடலைமுத்து திரும்பி வரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, அப்படித்தானே கேட்கிறேன்? தடை என்று நான் சொன்னது அந்த மனிதரை. அவரைத்தான் கல்லில் அடித்து உடைக்கக் கையை ஓங்கியிருந்தேன்.

பின்னால் வரிசையில் நின்றவர் "என்ன சேச்சி, உடைக்கலியா?" என்று கேட்டார். நான் தேங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்து அழுதேன். நடுரோட்டில், வெட்கமில்லாமல். அப்போது வேண்டுதல் மாறிவிட்டது. சுடலைமுத்து உயிரோடு இருக்க வேண்டும், என் காலில் அவர் வீடு வரை நடக்க வலு வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், கையெழுத்துப் போடவில்லை. ரிப்போர்ட்டின் நகலை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னேன். பஸ் ஏறி, விதுராவில் மாறி, மழைக்குள் கொண்டையூசி வளைவுகள் எல்லாம் ஏறி, லயத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

வாசலில் இரண்டு மூட்டைகள் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார். உயிரோடு. கட்டி பெரிதாகியிருந்தது. மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் பக்கம் பேச்சியம்மாளின் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்களாம், அங்கே பச்சிலை வைத்தியம் பார்க்க. திரும்பி வர மாதக் கணக்காகுமாம். தபால் வந்திருந்தால் பூட்டிய கதவுக்கு வந்திருக்கும். நான் ஒருநாள் தாமதித்திருந்தால்?

ரிப்போர்ட்டைச் சொன்னேன். பிறகு நான் செய்ததையும் சொன்னேன். போனில் பேசவே இல்லை, பேசியதாக எழுதினேன் என்று.

பேச்சியம்மாள்தான் முதலில் பேசினாள்.

"நாங்க மூணு தடவ எறங்கி வந்தோம். ஒரு தடவகூட ஒங்களால ஏறி வர முடியல. இன்னைக்குத்தான் வந்துருக்கீக."

பிறகு சுடலைமுத்து பேசினார், கட்டியால் குரல் அடைத்துப்போய்.

"மூட்டையப் பிரிக்க வேண்டாம் பேச்சி. ஊருக்குப் போறதுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கிளம்பும்போது அந்தத் தேங்காயை அவர்கள் விளக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவரைச் சேர்த்தார்கள். நான் நடந்ததை நடந்தபடி எழுதி நிர்வாகியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. வேலையை எடுக்கவில்லை. டாக்டர் எனக்காகப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எட்டு மாதம் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அங்கேதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது மறுபடி என் பிரிவில் இருக்கிறேன். போன வருஷம் தலைவியாகவும் ஆக்கினார்கள். நான் முதலில் மாற்றியது அந்த மூன்று நாள் கணக்கைத்தான். உறவினர் குரலைக் கேட்காமல் எந்தக் குறையையும் மூடக் கூடாது. ரேஞ்ச் இல்லாவிட்டால் எஸ்டேட் ஆபீசுக்கோ பக்கத்துக் கடைக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஆள் போக வேண்டும். என் பட்டியலில் இப்போது எப்போதும் சிவப்பு உண்டு. வகுப்பில் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன், என் பெயரோடு.

அதற்கெல்லாம் முன்னால், சுடலைமுத்து ஆபரேஷனும் சிகிச்சையும் முடிந்து வீட்டுக்குப் போகிற அன்று அவர்கள் இருவரும் என்னைப் பழவங்காடிக்குக் கூப்பிட்டார்கள். பேச்சியம்மாள் பையிலிருந்து அதே தேங்காயை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். "நீங்க வேண்டாம். அவுக ஒடைக்கட்டும்" என்றாள். சுடலைமுத்து கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்று, ஒரே வீச்சில் போட்டார். தண்ணீர் தெறிக்கவில்லை. உள்ளே வற்றி நல்ல கொப்பரையாகியிருந்தது. அதில் ஒரு சில்லை எடுத்துப் பேச்சியம்மாள் என் கையில் வைத்தாள். அவள் என்னிடம் மன்னித்தேன் என்று இன்றுவரை சொன்னதில்லை. அந்தச் சில்லு எனக்குப் போதும்.

ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு தவிக்கிற யாராவது இதை வாசித்தால், தைரியமாகப் பிள்ளையாரிடம் போங்கள். கையை ஓங்கும் முன்னால் மட்டும், தடை என்று நீங்கள் நினைப்பது ஒரு மனிதரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதை அவர் தரவில்லை. என்னைப் பஸ் ஏற்றி அனுப்பினார். உங்களையும் எங்காவது போகச் சொல்வார். அன்றைக்கே போய்விடுங்கள்.