கடைசியாக வெட்டிய பெயர்

லண்டனுக்கு வருமுன் பத்து வருடம் தெற்கு பிரான்சில், துலூஸ் நகரத்தை ஒட்டிய கொம்யூன் என்கிற ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஒரு காலத்தில் அங்கே முழுக்க வைன் பிழியும் முந்திரிகைத் தோட்டமாம். கொடிகளில் பூச்சி விழுந்து தோட்டங்கள் அழிய, வீடுகள் முளைத்தன. பழையது என்று மிஞ்சியது செங்கல்லில் கட்டிய மாதா கோயிலும், வாசலில் போரில் செத்தவர்களின் பெயர்க்கல்லும்தான்.

2009 கார்த்திகை. லண்டன் வால்தம்ஸ்டோ வீட்டில் அக்கா எங்களோடு இருந்தாள். அவளின் புருசன், அத்தான், வன்னியில். மே மாதம் போர் முடிந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுபோவாள். எனக்கோ பொறுமை என்ற சாமான் பிறப்பிலேயே இல்லை. பஸ் ஏறுவேன், இரண்டு தரிப்பில் இறங்குவேன், திரும்பி நடப்பேன். இருக்கிறாரா இல்லையா, ஏதாவது ஒன்று முடிந்தால் போதும் என்றிருந்தது.

கத்தோலிக்கரான எங்களுக்குக் கார்த்திகை, அதாவது நவம்பர், மரித்தோரின் மாதம். செத்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டால் ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசிப்பார்கள். சனிக்கிழமை காலை ஒருவருக்கும் சொல்லாமல் அத்தானின் பெயரை எழுதிப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா ஒரு பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சுவெற்றர் வாங்கினன், தம்பி. அவர் வந்திறங்கினா இந்தக் குளிரைத் தாங்க ஏலாதெல்லே."

எனக்கு அந்தக் கல் ஞாபகம் வந்தது. பெயர்களெல்லாம் அகரவரிசையில் இருக்க, ஒன்று மட்டும் அடியில், புது எழுத்தில். போரில் காணாமல் போன அந்தப் பையனின் தாய் உயிரோடிருந்தவரை அதைக் கல்லில் வெட்ட விடவில்லையாம். 'அவன் வருவான்' என்று சொல்லி, கேட்டு வந்தவர்களைத் துரத்தினாளாம். நகரசபையில் வேலை செய்த பெண் இதைச் சொன்னபோது, 'விசர் மனுசி, பைத்தியம்' என்று சிரித்தவன் நான். அட பாவி!

கோயிலுக்கு ஓடினேன். சுவாமியார் பெட்டியைத் திறந்து துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போட்ட துண்டைத் திருப்பித் தாங்கோ, சுவாமி."

"ஏன்? வாசிச்சா ஆத்துமாவுக்கு நல்லதுதானே?"

"ஆத்துமாவுக்குச் சரி, சுவாமி. அக்காவுக்கு ஏலாது."

அவர் பெயரைக் கேட்டு, தேடி எடுத்துத் தந்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா சுவெற்றரோடு காத்திருந்தாள். "எங்க போனனி? இதைப் போட்டுப் பார். அத்தானும் உன்ர அளவுதானே."

சட்டைப்பைக்குள் அந்தத் துண்டு கிடக்க, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அக்கா சுவெற்றரை மாட்டிவிட்டு, நெஞ்சுப் பக்கத்தைத் தடவிச் சரிபண்ணினாள்.

"ஓம், அவருக்கு அளவாத்தான் இருக்கும்" என்றாள்.