சுத்தபோசனமும் ஒரு மாத்திரையும்

எங்கள் குடும்பத்தில் குதிகாலுக்கு ஒரு பெருமை உண்டு. அப்பாவுக்குக் குதிகாலுக்கு மேலே ஏறும் நரம்பு விரல் பருமனுக்குத் தடித்திருக்கும். பின்வார் வைத்த செருப்பு போட்டால் உரசிப் புண்ணாகிவிடும். நடந்து உழைத்த கால் என்பார்கள். சித்தப்பாவுக்கும் அதே குதிகால். எனக்கும் தம்பிக்கும் அது வந்தபோது, அப்பாவை உரித்து வைத்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் பூரித்துப் போனார்கள். அப்பா நாற்பத்தொரு வயதில், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சித்தப்பாவுக்கு ஐம்பதில் வலது கையும் பேச்சும் போயின. அப்போதும் குதிகாலை யாரும் சந்தேகப்படவில்லை.

சந்தேகப்பட்டவர், ராஜபாளையத்தில் நான் கால்வலி என்று போய்ப் பார்த்த டாக்டரம்மா. பாதத்தைத் திருப்பித் திருப்பி அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் உட்கார வைத்துச் சொன்னார். அது உழைத்த நரம்பு இல்லையாம், படிந்த கொழுப்பாம். பிறக்கும்போதே பரம்பரையாக வருவது. ரத்தக்குழாயிலும் இப்படித்தான் படியும். ஒருவருக்கு இதயத்தை அடைக்கும், இன்னொருவருக்கு மூளையை. சாப்பாட்டில் கவனம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது, ஆயுளுக்கும் மாத்திரை வேண்டும் என்றார். "கூடப் பிறந்தவங்க உண்டா? இருந்தா கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு" என்றார்.

கூட்டிக்கொண்டு வா என்று சொல்வது சுலபம். என் தம்பியை அவருக்குத் தெரியாது.

வன்னியம்பட்டி போகும் வழியில் அவனுக்குப் பட்டறை, கருகிய மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவான். ஆள் ஒல்லி. அப்போது அவனுக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்தது, அப்பா போன வயதுக்கு ஒன்றுதான் குறைவு. அவனோ பேன்டை மேலே இழுத்து விட்டுக்கொண்டு, "இடுப்புல துணியே நிக்க மாட்டேங்குது, எனக்கு எங்கக்கா கொழுப்பு?" என்று சிரித்தான். ஒல்லியாக இருந்தவர்தான் நம் அப்பாவும் என்றால், "அவிய பீடி குடிச்சாவ" என்பான். பீடியைத் தொடாத சித்தப்பா கை முடங்கிக் கிடக்கிறாரே என்றால், அது செய்வினை என்று சித்தி சொல்கிறாளே என்பான். ஆண்டவரே, நாங்கள் வேதக்காரர்கள், கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள்.

ஆனால் உள்ளுக்குள் அவனுக்குப் பயம் இருந்தது. அதனால் மாத்திரையைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சாப்பிட்டான். வெறும் வயிற்றில் பூண்டு, மருதம்பட்டைக் கஷாயம், சீரகத் தண்ணீர். பட்டறைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் வைத்தியர். சித்தப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பால்கோவாப் பொட்டலத்தோடு வருவார்கள். படுத்துக் கிடக்கிறவரின் தலைமாட்டில் அதை வைத்துவிட்டு, 'எண்ணெய் மட்டும் சேத்துக்காதீங்க' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் நோயாளியாக இருப்பதற்கே தனித் தெம்பு வேண்டும்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு தம்பி என் வீட்டுக்கு வந்தான்.

"யக்கா, இந்தத் தவக்காலம் பூரா சுத்தபோசனம். கறி, மீனு, முட்டை ஒண்ணும் தொட மாட்டேன். பெரிய சனிக்கிழமை ரத்தம் குடுக்கேன். அப்பொறம் ரிப்போர்ட்டப் பாத்துட்டுப் பேசு."

ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாளில் எங்களில் பலர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கறி மீனை விலக்குவார்கள். இவன் நாற்பது நாளும் விலக்கினான். விரதம் ஆண்டவருக்கா, ரத்தம் எடுக்கிற லேப்காரருக்கா என்று கேட்டேன். முறைத்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அத்தனை ஒழுங்காக இருந்தான். அவன் மனைவி தட்டில் ரசத்தை ஊற்றி ஊற்றி அலுத்துப் போனாள்.

பெரிய சனிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எனக்கு இருந்ததைவிட அவனுக்குக் கெட்ட கொழுப்பு கூடுதலாக இருந்தது. போனைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தான்.

"நாப்பது நாளும் வீணாப் போச்சேக்கா" என்றான்.

அது ஒன்றுதான் அவன் கவலை. ஆண்டவர் உன் விரதத்தை ஏற்றுக்கொள்வார், ரத்தக்குழாய் ஏற்றுக்கொள்ளாது என்று சொன்னேன். மறுநாள் ஈஸ்டர் விருந்தில், "சாப்பிடாம இருந்தும் கொறையலன்னா, சாப்பிட்டாலும் ஏறாதுல்ல?" என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து, ஆட்டுக்கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். கரண்டியால் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது. விருந்தாளிகள் இருந்தார்கள், விட்டுவிட்டேன்.

எப்படியோ அந்த வாரமே டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மாத்திரை எழுதினார். சில மாதத்தில் அளவு நன்றாக இறங்கியது. கும்பிடு போடும் கை இமோஜியோடு ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பினான். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அவன் மனைவி போன் பண்ணும் வரைக்கும்.

"மதினி, அவிய மாத்திரைய நிறுத்தி ஒரு மாசமாச்சு. நார்மல்னு வந்திருச்சு, நல்லா இருக்கவனுக்கு எதுக்கு மாத்திரைங்காவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பட்டறைக்குப் போனேன். வாசலில் சுந்தரபாண்டியம் ஊர்க்காரர் ஒருவர் கருகிப்போன கிணற்று மோட்டாரோடு நின்றார். தம்பி அவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். வோல்டேஜ் கோளாறு வந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் ரிலே ஒன்றை ஸ்டார்ட்டரில் இவன் மாட்டிக் கொடுத்திருந்தானாம். அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாக ஓட்டியிருக்கிறார்.

"நல்லாத்தானப்பா ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொறவு அது எதுக்குன்னு எடுத்துட்டேன்."

"அது இருந்ததுனாலதானய்யா நல்லா ஓடுச்சு. ஒங்களுக்கு எம்புட்டுத் தடவ சொல்லுறது?"

நான் கைப்பையைக் கீழே வைத்தேன். "ஏலே, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லு" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்தது. சுந்தரபாண்டியத்துக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"மோட்டாரும் மனுசனும் ஒண்ணாக்கா?"

"ஒண்ணு இல்ல. மோட்டாரு எரிஞ்சா நீ காயில் கட்டிருவ. ஒனக்கு யாருலே கட்டுவா?"

குனிந்து, கருகிய கம்பிகளை வெட்டி எடுக்க ஆரம்பித்தான். மாத்திரையைப் போடுலே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் எரிந்து விழுந்தேன். கோபம் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அப்பா போனபோது அவன் டவுசர் போட்ட பையன், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தவன்.

இந்த வருடம் அவன் பிறந்தநாளன்று காலையில் கதவைத் தட்டினான். கையில் பால்கோவாப் பொட்டலம். எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. அவனாக வந்து, அப்பா படத்துக்குக் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தலையைத் திருப்பிப் படத்தை அண்ணாந்து பார்த்தான்.

"நாப்பத்திரெண்டு ஆச்சுக்கா. இப்ப நான் அப்பாவவிட மூத்தவன்."

பொட்டலத்தை அவன் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தேன். தண்ணீர் கேட்டான், செம்பில் கொடுத்தேன். சட்டைப் பையில் கரண்ட் டெஸ்டருக்குப் பக்கத்திலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து, நேத்து ராத்திரி மறந்துட்டேன் என்று முனகியபடி ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டான். திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மீதி இல்லை. பால்கோவாவைத்தான் திட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.