அம்மா மலைக்குத் தூக்கிப்போன தண்ணீர்

மகள் ஏதோ மலையில் கூடாரம் போட்டுத் தங்கித் திரும்பியிருக்கிறாள். கேளம்பாக்கத்து பால்கனியில் அந்தக் கூடாரம் காய்கிறது. விறகுப் புகையும் ஈர இலையும் கலந்த அதன் வாசனை அறைக்கு அறை அலைகிறது, என்னையும் உட்காரவிடாமல்.

என் சின்ன வயதில் ஜவ்வாது மலையில் நைனா லாரித் தார்ப்பாயை மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டியபோதும் இதே வாசனைதான். எதிரே, காடு முழுக்கத் தலைகீழாய் நிற்கும் பச்சை ஏரி. அதன் கரையில் அம்மா எங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு குடத்தில் இறக்கிவைத்தாள். உப்பளத்துப் பக்கம் வாழ்ந்தவள். தேங்கி நிற்கும் நீர் என்றாலே கரிக்கும் என்பாள், நம்பமாட்டாள்.

"ஏரிக்கே தண்ணி தூக்கினு வந்த ஒரே ஆளு நீதாம்மே" என்றார் நைனா.

"நீ கம்முனு கயித்தக் கட்டுய்யா."

எங்கள் கிணற்று நீரில் பருப்பு லேசில் வேகாது. அன்றும் வேகவில்லை. பொழுது சாய்ந்தது, தம்பி பசியில் அழுதான். அம்மா எழுந்துபோய் ஏரியில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். "இன்னாய்யா இது, எளநி மாரி கீது."

ஏரி நீரில் வேறு பருப்பு போட்டாள். சீக்கிரமே பூவாய் மலர்ந்தது.

மறுநாள் இரண்டு குடமும் ஏரி நீரால் நிறைந்தே மலையிறங்கின. தெருவில் வீட்டுக்கொரு சொம்பு ஊற்றினாள். "நான்தான் நம்பாம போனேன். பருப்பு வெச்சிப் பாருங்கடி." தான் தோற்ற கதையை இவ்வளவு சந்தோஷமாகப் பங்குவைத்தவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மகள் பாட்டிலில் மிச்சமிருக்கும் மலைத் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்க்கப் போகிறாள்.

"இரும்மா" என்று பருப்பு டப்பாவை எடுக்கிறேன்.